ஒரு சட்டைக்கு என்ன விலை? வீட்டிலிருந்தே இஸ்திரித் தொழில் செய்வோர்க்கான விலைக் கணக்கு

சிறுகடன் நாடி வங்கிக் கிளைகளுக்கு வரும் வாடிக்கையாளர்களுள், துணி தேய்த்துக் கொடுக்கும் தொழிலை வீட்டிலேயே தொடங்க விரும்புவோரும் உண்டு. முதலீடு குறைவு, கடை வாடகை இல்லை, பிள்ளைகள் பள்ளிக்குச் சென்ற பின் கிடைக்கும் நேரத்தில் செய்துவிடலாம். இவையெல்லாம் உண்மையே. ஆயினும், விண்ணப்பத்தில் "எதிர்பார்க்கும் மாத வருமானம்" என்ற இடத்தை நிரப்பும்போது பேனா தயங்குகிறது. ஓர் உருப்படிக்கு என்ன வாங்குவதாக உத்தேசம் என்று வினவினால் பொதுவாகக் கிடைக்கும் விடை ஒன்றே: "பக்கத்துத் தெருவில் ஆறு ரூபாய் வாங்குகிறார்கள், நாம் ஐந்து வாங்கினால் நம்மிடம் வருவார்கள்."

இவ்விடையில் விலை இருக்கிறது, கணக்கு இல்லை. ஐந்து ரூபாயில் தமக்கு மிஞ்சுவது எவ்வளவு என்பது அவருக்குத் தெரியாது. ஓராண்டு உழைத்த பின்னர், "வேலைக்குக் குறைவில்லை, கையில் மட்டும் ஒன்றும் நிற்கவில்லை" என்ற நிலை ஏற்படுவது இதனால்தான். அந்நிலை வராமல் காக்கும் எளிய கணக்கைப் படிப்படியாகக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கம். கூட்டல், வகுத்தல் தெரிந்த எவரும் இதனைச் செய்யலாம். தையல், சிற்றுண்டி, மாலை கட்டுதல் போன்ற பிற வீட்டுத் தொழில்களுக்கும் இதே முறை பொருந்தும்.

விளக்கத்துக்காக ஓர் எடுத்துக்காட்டை எடுத்துக்கொள்வோம். பெங்களூரின் புறநகரில், அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றின் அருகில் வசிக்கும் இல்லத்தரசி ஒருவர் நாளொன்றுக்கு 4 மணி நேரம், மாதத்தில் 25 நாள் இத்தொழிலுக்கு ஒதுக்குகிறார் எனக் கொள்வோம். ஆக மாதம் 100 மணி நேரம். கீழே வரும் விலைகளும் செலவுகளும் விளக்கத்துக்காக வைத்துக்கொண்டவை. தங்கள் ஊர் நிலவரத்தை அவ்விடங்களில் இட்டுக் கணக்கிடுதல் வேண்டும்.

முதற்படி: நேரத்தை அளத்தல்

இஸ்திரித் தொழிலில் விற்கப்படும் பொருள் நேரமே. மளிகைக் கடைக்காரர் அரிசியை அளந்து விற்பதுபோல இத்தொழிலில் நிமிடங்களை அளந்து விற்கிறோம். எனவே விலையைப் பற்றிச் சிந்திக்குமுன் கடிகாரத்தைப் பார்க்க வேண்டும்.

பத்துச் சட்டைகளை எடுத்து, நீர் தெளித்து, தேய்த்து, மடித்து அடுக்கி முடிக்க எவ்வளவு நேரமாகிறது என்று குறித்துப் பத்தால் வகுக்கவும். அவ்வாறே கால்சட்டை, குர்தா, பருத்திச் சேலை, படுக்கை விரிப்பு ஆகியவற்றையும் அளக்கவும். ஒரே நாளில் அளந்தால் போதாது. காலையில் உள்ள வேகம் மூன்றாம் மணி நேரத்தில் இராது. வெவ்வேறு வேளைகளில் அளந்து சராசரி காண்பதே சரி.

நம் எடுத்துக்காட்டில் ஒரு சட்டைக்குச் சராசரி 4 நிமிடம் ஆகிறது என்போம். அப்படியானால் மணிக்கு 15 சட்டை. 100 மணி நேரத்துக்கு 1,500 சட்டை என்று எண்ணத் தோன்றும். ஆனால் துணிகளைப் பெற்று எண்ணுதல், அடையாளமிடுதல், குறிப்பேட்டில் எழுதுதல், கட்டிக் கொடுத்தல், பணம் பெறுதல் ஆகியவற்றுக்கும் நேரம் செல்கிறது. 100 மணி நேரத்தில் 20 மணி நேரம் இவற்றுக்கே போய்விடும் என்று கொண்டால் தேய்ப்பதற்கு எஞ்சுவது 80 மணி நேரம். 80 × 15 = 1,200 சட்டை. இதுவே அவருடைய மாதக் கொள்திறன்.

இரண்டாம் படி: செலவுகளைத் திரட்டுதல்

வீட்டுத் தொழிலில் செலவுகள் குடும்பச் செலவுகளோடு கலந்து மறைந்துவிடுகின்றன. மின்கட்டணம் வீட்டுக் கணக்கில் போகிறது. கைப்பேசிக் கட்டணத்தைக் கணவர் செலுத்துகிறார். பழைய போர்வை விரிப்பாகிவிடுகிறது. மறைந்திருந்தாலும் இவை செலவுகளே. அவற்றை வெளியே எடுத்து ஒரு தாளில் எழுத வேண்டும்.

முதலில் தேய்மானம். கனமான இஸ்திரிப் பெட்டி ஒன்றின் விலை 2,400 ரூபாய், அது 2 ஆண்டு உழைக்கும் எனில், மாதத்துக்கு 100 ரூபாய் வீதம் அதன் மதிப்பு குறைகிறது. மேசையின் விலை 4,800 ரூபாய், 4 ஆண்டு உழைக்கும் எனில், அதற்கும் மாதம் 100 ரூபாய். இத்தொகை இன்று கையை விட்டுப் போவதில்லை. ஆனால் ஒவ்வொரு சட்டையும் பெட்டியைச் சிறிது தேய்க்கிறது. அதன் விலையைத் துணி கொடுப்பவர்தான் ஏற்க வேண்டும். ஏற்காவிட்டால், பெட்டி பழுதாகும் நாளில் புதிது வாங்கப் பணம் இராது.

மாதச் செலவுப் பட்டியல் இவ்வாறு அமையும்:

இஸ்திரிப் பெட்டித் தேய்மானம்: ரூ.100
மேசைத் தேய்மானம்: ரூ.100
பழுது பார்த்தல் (காயில், ஒயர் முதலியன): ரூ.100
விரிப்புத் துணி, நீர் தெளிப்பான்: ரூ.150
மின்கட்டணம்: ரூ.480
பொதி தாள், நூல், குறிப்பேடு: ரூ.120
கைப்பேசிக் கட்டணத்தில் தொழிலின் பங்கு: ரூ.100
துணி சேதத்துக்கான ஒதுக்கீடு: ரூ.250
மொத்தம்: ரூ.1,400

கடைசி இனத்தைப் பலர் எழுதுவதே இல்லை. எவ்வளவு கவனமாக இருந்தாலும் என்றோ ஒருநாள் ஒரு சேலை சுட்டுப் போகும். அன்று மாத வருமானத்திலிருந்து எடுத்துக் கொடுப்பதைவிட, மாதந்தோறும் சிறு தொகையை ஒதுக்கி வைப்பது நல்லது. சேதமில்லாத மாதங்களில் அத்தொகை அப்படியே சேமிப்பில் இருக்கட்டும்.

மின்கட்டணத்தில் கவனிக்க வேண்டியவை

1,000 வாட் இஸ்திரிப் பெட்டி ஒரு மணி நேரம் இடைவிடாது மின்சாரம் எடுத்தால் ஒரு யூனிட் செலவாகும். ஆனால் தேவையான சூடு ஏறியதும் பெட்டியின் தானியங்கி அமைப்பு மின்சாரத்தைத் துண்டித்து, சூடு குறைந்ததும் மீண்டும் இணைக்கிறது. எனவே உண்மையான செலவு ஒரு யூனிட்டுக்குக் குறைவாகவே இருக்கும். வீட்டிலுள்ள பிற சாதனங்களை நிறுத்திவிட்டு, இரண்டு மணி நேரம் தேய்த்து, மீட்டரின் அளவை முன்னும் பின்னும் குறித்தால் தங்கள் பெட்டியின் அளவு தெரிந்துவிடும். மணிக்கு 0.6 யூனிட் எனக் கொண்டால் 80 மணி நேரத்துக்கு 48 யூனிட். மின்விசிறி, விளக்குக்கான செலவையும் சேர்த்து ஏறத்தாழ 60 யூனிட். யூனிட் 8 ரூபாய் எனில் 480 ரூபாய்.

இங்கே மூன்று செய்திகளை நினைவிற்கொள்ள வேண்டும். ஒன்று: நாட்டின் பல மாநிலங்களில் வீட்டு மின்கட்டணம் அடுக்கு முறையில் உள்ளது, பயன்பாடு கூடக் கூட யூனிட்டின் விலையும் கூடும். தேய்ப்பதற்கான 60 யூனிட் வீட்டுப் பயன்பாட்டின் மேல் சேர்வதால் உயர்ந்த அடுக்கில்தான் விழும். ஆகவே சராசரி விலையை விடுத்து, கடைசி அடுக்கின் விலையைக் கணக்கில் கொள்ள வேண்டும்.

இரண்டு: சில மாநிலங்களில் வீட்டு உபயோகத்துக்கு இலவச மின்சாரச் சலுகை உண்டு. கர்நாடகத்தின் கிருஹ ஜோதி திட்டத்தில், தகுதி பெற்ற வீடுகளுக்கு அவற்றின் பழைய சராசரியை ஒட்டி அதிகபட்சம் மாதம் 200 யூனிட் வரை கட்டணமில்லை. 200 யூனிட்டைத் தாண்டினால் முழுக் கட்டணத்தையும் செலுத்த வேண்டும். 160 யூனிட் பயன்படுத்தும் வீட்டில் 60 யூனிட் கூடினால் இழப்பது 60 யூனிட்டின் விலையோடு நிற்பதில்லை. 220 யூனிட்டின் கட்டணமும் தலையில் விழுகிறது. இத்தகைய சலுகைகள் குடும்பத்தின் பயன்பாட்டுக்காக அளிக்கப்படுபவை. அவற்றை நம்பித் தொழிலின் விலையை வகுப்பது உறுதியான அடித்தளம் ஆகாது.

மூன்று: எந்தப் பயன்பாட்டுக்காக இணைப்பு வழங்கப்பட்டதோ அதற்கு மாறான பயன்பாடு, 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 126ஆம் பிரிவின்கீழ் அபராதக் கட்டணத்துக்கு இடமளிக்கும். வீட்டில் நடக்கும் சிறு தொழிலுக்கான விதி மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடுகிறது. மின்வாரிய அலுவலகத்தில் ஒருமுறை கேட்டுத் தெளிவு பெறுவது நன்று. தனி இணைப்பு தேவை என்றால் அதன் கட்டண விகிதத்தையே மேற்கண்ட பட்டியலில் எழுத வேண்டும். எரிவாயுவால் சூடேறும் பெட்டியைப் பயன்படுத்துவோரும், மானியம் பெறும் சமையல் சிலிண்டரைத் தொழிலுக்குப் பயன்படுத்தலாகாது. வணிகச் சிலிண்டரின் விலையே அவர்களுக்குரிய கணக்கு.

மூன்றாம் படி: தம் உழைப்புக்குக் கூலி

பட்டியலில் இன்னும் மிகப் பெரிய செலவு இடம்பெறவில்லை. அது தேய்ப்பவரின் கூலி.

"நம் வீட்டில் நாமே செய்கிறோம், இதற்கு என்ன கூலி?" என்ற எண்ணம் ஆழமாக வேரூன்றியுள்ளது. குறிப்பாகப் பெண்கள் தம் உழைப்பைச் சுழியம் என்று எழுதிப் பழகிவிட்டனர். வணிகவியல் பாடத்தில் இதற்கு எளிய சோதனை உண்டு. நாளை தங்களுக்கு உடல்நலம் குன்றி, இவ்வேலையைச் செய்ய வேறொருவரை அமர்த்தினால் அவருக்கு எவ்வளவு கொடுக்க நேரிடும்? அதுவே தங்கள் உழைப்பின் விலை. அத்தொகையைக் கொடுக்க இயலாத விலையில் தொழில் நடக்கிறதென்றால், அந்தத் தொழில் தங்கள் உடலைச் செலவழித்துத்தான் நடக்கிறது.

கூலியை நிர்ணயிக்கத் தம் பகுதியில் வீட்டு வேலைக்கும் தையற்கூடங்களுக்கும் வழங்கப்படும் ஊதியத்தையும், மாநில அரசு அறிவிக்கும் குறைந்தபட்ச ஊதியத்தையும் பார்க்கலாம். நம் எடுத்துக்காட்டில் மணிக்கு 70 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். கூலி 100 மணி நேரத்துக்கும் உண்டு. தேய்க்கும் 80 மணி நேரத்துக்கு மட்டும் அன்று. ஆக 7,000 ரூபாய்.

நான்காம் படி: அடக்க விலையும் விற்பனை விலையும்

செலவு 1,400 + கூலி 7,000 = 8,400 ரூபாய். இதனை 1,200 சட்டைகளால் வகுத்தால், ஒரு சட்டையின் அடக்க விலை 7 ரூபாய்.

இதன்மேல் ஓர் இலாபப் பகுதி சேர வேண்டும். கூலி உழைப்புக்கு உரியது. இலாபம் பொறுப்பேற்பதற்கும் தொழிலின் வளர்ச்சிக்கும் உரியது. மழைக்காலத்தில் வரத்துக் குறையும் வாரங்களைச் சமாளிக்கவும், நாளை இரண்டாவது பெட்டி வாங்கவும் உதவுவது அதுவே. பத்து விழுக்காடு சேர்த்தால் 7 ரூபாய் 70 காசு. சில்லறைத் தொல்லையின்றி 8 ரூபாய் என்று முடிவு செய்யலாம்.

ஐந்து ரூபாயும் எட்டு ரூபாயும்

இப்போது முதலில் கேட்ட ஐந்து ரூபாய் விலைக்கு வருவோம்.

மாதம் 1,200 சட்டைகளை 5 ரூபாய்க்குத் தேய்த்தால் வரவு 6,000 ரூபாய். செலவு 1,400 போக மிச்சம் 4,600. நூறு மணி நேர உழைப்புக்கு மணிக்கு 46 ரூபாய். அதே வேலையை 8 ரூபாய்க்குச் செய்தால் வரவு 9,600, மிச்சம் 8,200, மணிக்கு 82 ரூபாய்.

"விலையை உயர்த்தினால் துணி வராதே" என்ற அச்சம் நியாயமானது. அந்த அச்சத்தையும் கணக்கால் அளந்து பார்க்கலாம். பட்டியலிலுள்ள செலவுகளுள் மின்கட்டணம், பொதி செலவு, சேத ஒதுக்கீடு ஆகிய 850 ரூபாய் துணியின் அளவைப் பொறுத்துக் கூடிக் குறையும். சட்டைக்கு ஏறத்தாழ 71 காசு. மீதி 550 ரூபாய், துணி வந்தாலும் வராவிட்டாலும் உள்ள நிலையான செலவு. எட்டு ரூபாயில் 71 காசு போக ஒவ்வொரு சட்டையும் 7 ரூபாய் 29 காசு கொண்டு வருகிறது. 4,600 ரூபாய் மிஞ்ச வேண்டுமானால் 550 ரூபாயையும் சேர்த்து 5,150 ரூபாய் தேவை. அதற்கு 707 சட்டை போதும்.

அதாவது, விலை 5 ரூபாயிலிருந்து 8 ரூபாயாகும்போது, 1,200 சட்டைகளில் 493 சட்டைகள் வாராமல் போனாலும் வருமானம் குறையாது. பத்துப் பேரில் நால்வர் விலகினாலும் கையில் நிற்கும் தொகை அதுவே. உழைப்போ 100 மணியிலிருந்து 59 மணியாகக் குறைகிறது. மீதமாகும் 41 மணி நேரத்தில் புதிய வாடிக்கையாளரைத் தேடலாம், ஓய்வும் கொள்ளலாம்.

எதிர்த்திசையிலும் இதே கணக்கு செல்லும். போட்டிக்காக 8 ரூபாயை 7 ஆகக் குறைத்தால், அதே 8,200 ரூபாயைப் பெற 1,391 சட்டை தேய்க்க வேண்டும். 191 சட்டை கூடுதல். மாதம் 16 மணி நேரம் கூடுதல் உழைப்பு. ஒரு ரூபாய்தானே என்று விட்டுக்கொடுப்பது, மாதத்தில் நான்கு நாள் வேலையை இலவசமாகச் செய்து கொடுப்பதற்குச் சமம்.

விலைப்பட்டியல் தயாரித்தல்

சட்டைக்கு 4 நிமிடம், விலை 8 ரூபாய். ஆகவே தேய்க்கும் ஒரு நிமிடத்துக்கு 2 ரூபாய். இந்த ஒரு விகிதத்தைக் கொண்டே எல்லா உருப்படிகளுக்கும் விலையிடலாம்.

சட்டை, கால்சட்டை (4 நிமிடம்): ரூ.8
பள்ளிச் சீருடை உருப்படி, இரவிக்கை (3 நிமிடம்): ரூ.6
குர்தா, சுடிதார் மேலாடை, வேட்டி (5 நிமிடம்): ரூ.10
ஒற்றைப் படுக்கை விரிப்பு (5 நிமிடம்): ரூ.10
பருத்திச் சேலை (12 நிமிடம்): ரூ.25
பட்டுச் சேலை (15 நிமிடம்): ரூ.45

பட்டுச் சேலைக்கு நேரக் கணக்குப்படி 30 ரூபாய்தான் வருகிறது. மீதி 15 ரூபாய் அபாயத்துக்கு உரியது. ஆயிரக்கணக்கில் விலையுள்ள ஒரு துணியைக் கையில் வாங்கும்போது, அதற்குரிய பொறுப்பும் விலையில் இருக்க வேண்டும். எல்லா உருப்படிகளுக்கும் ஒரே விலை வைத்தால், நேரம் குறைவாகப் பிடிக்கும் துணிகள் வேறிடம் சென்றுவிடும். சேலைகள் மட்டும் தங்களிடம் குவியும்.

துணி துவைக்கும் நிலையங்களைப் போல எடைக்கு விலை வைக்கலாமா என்று சிலர் கேட்பதுண்டு. தேய்ப்பதற்கு எடை பொருந்தாது. ஜீன்ஸ் கனமானது, விரைவில் முடியும். மெல்லிய பருத்திச் சேலை இலேசானது, நேரம் பிடிக்கும். எடையைப் பார்த்து விலை வைத்தால் உழைப்புக்கும் ஊதியத்துக்கும் தொடர்பற்றுப் போகும்.

பட்டியலைத் தெளிவாக எழுதி வாசலில் ஒட்டிவிடுங்கள். கைப்பேசியில் படமாகவும் அனுப்பலாம். எழுதப்பட்ட விலையோடு பேரம் பேசுவோர் குறைவு.

சந்தை விலையோடு ஒப்பிடுதல்

அடக்க விலை என்பது கீழெல்லை மட்டுமே. தங்கள் பகுதியில் 10 ரூபாய் வழக்கமாயின், கணக்கில் 8 வந்தது என்பதற்காக 8 ரூபாய் வாங்க வேண்டியதில்லை. தரமும் நேரமும் தவறாதவரை 10 ரூபாயே வாங்கலாம்.

மாறாக, சுற்றுவட்டாரத்தில் 6 ரூபாய்தான் கிடைக்கும் என்றால் வழிகள் மூன்று. முதலாவது, நேரத்தைக் குறைத்தல். குறைந்த சூடு வேண்டும் செயற்கை இழைத் துணிகளை முதலிலும், பட்டை அடுத்தும், மிகுந்த சூடு வேண்டும் பருத்தியைக் கடைசியிலும் தேய்த்தால் பெட்டி ஆறுவதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. பருத்தித் துணிகளுக்கு மொத்தமாக நீர் தெளித்துச் சுருட்டி வைத்தால் சுருக்கம் எளிதில் நீங்கும். மேசை இடுப்பளவு உயரத்தில் இருந்தால் முதுகு களைக்காது. இவற்றால் சட்டைக்கு 4 நிமிடம் 3 நிமிடமானால் 80 மணி நேரத்தில் 1,600 சட்டை தேய்க்கலாம். 6 ரூபாய் விலையிலும் வரவு 9,600 ரூபாய். எட்டு ரூபாய்க்கு 1,200 சட்டை தேய்த்த அதே வரவு. ஆனால் அவ்வளவு துணி வருமா என்பதையும் பார்க்க வேண்டும். இரண்டாவது, பிறர் செய்யாததைச் செய்தல்: வீடு தேடிச் சென்று பெறுதல், சொன்ன நாளில் தருதல், கஞ்சியிட்டுத் தேய்த்தல், பொத்தான் அறுந்திருந்தால் தைத்துக் கொடுத்தல். மூன்றாவது, இரண்டும் இயலாதெனில், இத்தொழில் இவ்விடத்தில் தமக்கு ஏற்றதன்று என்று முன்னரே உணர்ந்து வேறு தொழிலை நாடுதல். கடன் வாங்கிய பின் உணர்வதைவிட இது எவ்வளவோ மேல்.

இவ்விடத்தில் வேறொருவரையும் எண்ணிப் பார்க்க வேண்டும். தெருமுனை மரத்தடியில் தள்ளுவண்டி வைத்துக் கரிப்பெட்டியால் தேய்ப்பவருக்கு அதுவே குடும்பத்தின் முழு வருமானம். தம் உழைப்பைச் சுழியமாக எழுதிக்கொண்டு ஒருவர் விலையைக் குறைத்தால் தாமும் இழக்கிறார். அந்தக் குடும்பத்தின் கூலியையும் இழுத்துக் கீழே தள்ளுகிறார். முறையான கணக்கில் பிறந்த விலை, தெருவில் உள்ள இருவருக்கும் நன்மை தரும்.

கூடுதல் சேவை, மாதத் திட்டம், கடன் பாக்கி

வீடு தேடிச் சென்று துணி பெற்றுத் திரும்பக் கொடுக்க நாளுக்கு அரை மணி நேரம் ஆனால், மாதத்தில் 12½ மணி நேரம். மணிக்கு 70 ரூபாய் வீதம் 875 ரூபாய். 1,200 உருப்படிகளில் பகிர்ந்தால் 73 காசு. ஆகவே உருப்படிக்கு ஒரு ரூபாய் கூடுதலாகவோ, ஒரு நடைக்குக் குறைந்தபட்சத் தொகையாகவோ வாங்குவது நியாயம். அன்றே வேண்டும் என்போருக்கு ஒன்றரை மடங்கு விலை வைக்கலாம்.

மாதத் திட்டம் வைப்போர், "மாதம் இவ்வளவு, எவ்வளவு துணியானாலும் சரி" என்று ஒருபோதும் சொல்லக்கூடாது. "100 உருப்படி, 750 ரூபாய், 30 நாளுக்குள், சேலையும் விரிப்பும் தனி" என்று எண்ணிக்கை, வகை, காலம் மூன்றையும் வரையறுக்க வேண்டும். முன்கூட்டியே பெற்ற தொகை உடனே வருமானம் ஆகிவிடாது. செய்து கொடுக்க வேண்டிய வேலைக்கான பொறுப்பு அது. பத்துக் குடும்பங்கள் முதல் தேதியில் 7,500 ரூபாய் கொடுத்துவிட்டால், அதனை அன்றே செலவழிக்காமல் வேலை முடிய முடிய எடுத்துக்கொள்வதே பாதுகாப்பு.

மாத இறுதியில் தருவதாகச் சொல்வோரிடம் ஒரு வரம்பு வைத்துக்கொள்ளுங்கள். பாக்கி 500 ரூபாயைத் தொட்டால் அடுத்த துணியைப் பெறுமுன் தீர்த்துவிடச் சொல்லலாம். துணியைப் பெறும்போதே கிழிசல், கறை, அறுந்த பொத்தான் ஆகியவற்றை அவர் முன்னிலையில் குறித்துவிட்டால் பின்னர் பிணக்கு எழாது.

பணமும் கணக்கும்

தொழிலின் வரவுக்குத் தனி வங்கிக் கணக்கு வைத்திருப்பது சிறந்தது. யூபிஐ கியூஆர் அட்டையை வாசலில் வைத்தால் சில்லறைத் தட்டுப்பாடு தீரும். அன்றாட வரவும் தானாகப் பதிவாகும். ஓராண்டு வரவுப் பதிவே நாளை கடன் கேட்கும்போது தங்களுக்கான சான்று. பணம் பெறுவதற்கு ரகசிய பின் எண்ணை இட வேண்டியதே இல்லை என்பதை மறவாதீர். "பணம் அனுப்பியிருக்கிறேன், பின் எண்ணைப் போடுங்கள்" என்பவர் மோசடிக்காரர்.

ஒவ்வொரு மாதமும் கூலியைத் தங்கள் குடும்பக் கணக்குக்கு மாற்றுங்கள். தேய்மானம், பழுது, சேத ஒதுக்கீடு ஆகியவை தொழில் கணக்கிலேயே நிற்கட்டும். பிரதான் மந்திரி ஜீவன் ஜோதி ஆயுள் காப்பீட்டுக்கு ஆண்டுக்கு 436 ரூபாய், சுரக்ஷா விபத்துக் காப்பீட்டுக்கு 20 ரூபாய். இரண்டும் சேர்ந்து மாதம் 38 ரூபாய். சட்டைக்கு 3 காசுதான். இத்தொகையையும் விலைக்குள் அடக்கிக்கொள்ளலாம்.

கடனும் விலையும்

பெட்டியும் மேசையும் சேர்ந்து 7,200 ரூபாய். இதனைக் கடனாகப் பெற்று ஆண்டுக்கு 12 விழுக்காடு வட்டியில் 12 தவணைகளில் திருப்பினால் மாதத் தவணை ஏறத்தாழ 640 ரூபாய். இத்தவணை முழுவதையும் செலவு என்று எழுதக்கூடாது. அசலுக்குரிய பகுதி ஏற்கெனவே தேய்மானமாகப் பட்டியலில் உள்ளது. வட்டி மட்டுமே புதிய செலவு. அது மாதம் 72 ரூபாயைத் தாண்டாது. சட்டைக்கு அதிகபட்சம் 6 காசு. ஆனால் 640 ரூபாய் மாதந்தோறும் கையிலிருந்து போகும் என்பதால், முதலாண்டில் வீட்டுக்கு எடுக்கும் தொகையைச் சற்றுக் குறைத்துக்கொள்ள வேண்டியிருக்கும்.

முத்ரா திட்டத்தின் சிசு பிரிவில் 50,000 ரூபாய் வரை பிணையின்றிக் கடன் பெறலாம். சலவைத் தொழிலைப் பரம்பரையாகச் செய்து வரும் குடும்பத்தினருக்கு, 2023 செப்டம்பர் 17 அன்று தொடங்கப்பட்ட பிரதான் மந்திரி விஸ்வகர்மா திட்டம் உண்டு. அதன் 18 தொழில்களுள் சலவைத் தொழிலும் ஒன்று. பயிற்சி, கருவிகளுக்கு 15,000 ரூபாய் உதவி, 5 விழுக்காடு வட்டியில் முதல் தவணையாக ஒரு இலட்சம் ரூபாய் வரை கடன் ஆகியன அதில் அடங்கும். தகுதி விவரங்களைக் கிளையில் கேட்டறியலாம். தேவைக்கு மேல் கடன் பெறாதிருப்பது தகுதியைவிட முக்கியம். நம் எடுத்துக்காட்டில் உள்ள அம்மையாருக்கு 50,000 ரூபாய் தேவையே இல்லை.

விலையை உயர்த்தும் காலம்

ஆண்டுக்கு ஒருமுறை, ஏப்ரல் மாதத்தில், இக்கணக்கை மீண்டும் போட்டுப் பாருங்கள். மின்கட்டணமும் கூலி நிலவரமும் மாறியிருந்தால் விலையும் மாற வேண்டும். ஒரு மாதம் முன்பே அறிவித்து, ஒரு ரூபாய் வீதம் உயர்த்தினால் வாடிக்கையாளர் ஏற்றுக்கொள்வர். நான்காண்டு பேசாதிருந்துவிட்டு ஒரே நாளில் 8 ரூபாயை 12 ஆக்கினால்தான் முகம் சுளிப்பர்.

தாங்களே செய்து பார்க்க

1. இவ்வாரம் பத்து உருப்படிகளுக்கு ஆகும் நேரத்தை மூன்று வேளைகளில் அளந்து சராசரி காண்க.
2. தேய்ப்பது தவிர்த்த பிற வேலைகளுக்கு நாளொன்றுக்கு எத்தனை நிமிடம் செல்கிறது என்று ஒரு வாரம் குறித்து வைக்க.
3. கடந்த மின்கட்டண இரசீதில் தங்கள் கடைசி அடுக்கின் யூனிட் விலை எது என்று காண்க.
4. தங்கள் ஒரு மணி நேர உழைப்பின் விலையை எழுதுக. சுழியம் என்று எழுதலாகாது.
5. செலவையும் கூலியையும் கூட்டி, மாத உருப்படிகளால் வகுத்து அடக்க விலை காண்க. பத்து விழுக்காடு சேர்க்க.
6. இப்போது வாங்கும் விலை இதைவிடக் குறைவாயின், எத்தனை வாடிக்கையாளரை இழந்தாலும் நட்டமில்லை என்பதை மேற்கண்ட முறையில் கணக்கிடுக.

ஆறாவது விடையை எழுதி முடித்தவர்கள், புதிய விலைப்பட்டியலை எழுதத் தயங்கமாட்டார்கள். எழுதிய தாளுடன் கிளைக்கு வாருங்கள். "எதிர்பார்க்கும் மாத வருமானம்" என்ற இடத்தில் இட வேண்டிய எண் அதிலேயே இருக்கும்.